காக்கைக் கூட்டத்துக்கு ஏன் கொலைப் பட்டம்?

பள்ளிகளுக்கிடையே நடக்கும் வினாடி வினாப் போட்டிகளில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி ஒன்று உண்டு. "ஆந்தைகளின் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்?" விடை தெரிந்த மாணவன் மணியை அடித்து, "பார்லிமெண்ட்" என்பான். "சரி, காக்கைகளின் கூட்டத்துக்கு?" "மர்டர்." அதாவது, கொலை! உடனே கைதட்டல், மதிப்பெண், பரிசு.

பரிசு வாங்கிய அந்த மாணவனிடம் இன்னும் இரண்டே கேள்விகள் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றுவது உண்டு. ஆந்தைகள் கூட்டமாக வாழ்கின்றனவா? காக்கைகள் யாரைக் கொலை செய்தன? இந்த இரண்டுக்கும் பட்டியலில் விடை இருக்காது. வெளியே போய் மரத்தைப் பார்த்தால்தான் கிடைக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பட்டியல்களை வேடிக்கை என்று சொன்னால் எனக்கு மறுப்பே இல்லை, நானும் ரசிக்கிறேன். ஆனால் இவற்றைப் பொது அறிவு என்றும், விலங்கியல் அறிவு என்றும் சொல்லி மாணவர்களை மனப்பாடம் செய்ய வைப்பது சரியல்ல. ஒரு கூட்டத்துக்கு இடும் பெயர் சில சமயம் நல்லதோர் அறிவியல் குறிப்பாக இருக்கும். சில சமயம் வெறும் பட்டப் பெயராக இருக்கும். இரண்டும் ஒன்றல்ல.

இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன? இங்கிலாந்தில் 15ஆம் நூற்றாண்டில் வேட்டையாடுவது பிரபுக்களின் பெரும் பொழுதுபோக்கு. வல்லூறு வளர்ப்பது, மான் வேட்டைக்குப் போவது, அதைப் பற்றி விருந்தில் அமர்ந்து பேசுவது எல்லாம் உயர்குடிப் பிறப்பின் அடையாளங்கள். பேசும்போது ஒவ்வொரு விலங்குக்கும் அதற்குரிய சொல்லையே சொல்ல வேண்டும். தவறிச் சொன்னவன், "இவன் நம்மவன் அல்லன்" என்று தெரிந்துபோகும். எனவே இளம் பிரபுக்களுக்குச் சொற்பட்டியல்கள் தேவைப்பட்டன. 1486ஆம் ஆண்டில் செயின்ட் ஆல்பன்ஸ் என்னும் ஊரில் அச்சான ஒரு நூலில் அப்படிப்பட்ட நீண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. ஊரின் பெயரால் 'செயின்ட் ஆல்பன்ஸ் நூல்' என்றே அதை அழைக்கிறார்கள். அதன் வேட்டைப் பகுதியை ஜூலியானா பெர்னர்ஸ் என்ற பெண்மணி எழுதியதாகச் சொல்வது வழக்கம்.

அந்தப் பட்டியலில் 160க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. சிங்கங்களுக்குப் 'பிரைட்', அதாவது செருக்கு. கரடிகளுக்குச் சோம்பல். குரங்குகளுக்குச் சாமர்த்தியம். நரிகளுக்குப் பதுங்கல். இவை எல்லாம் விலங்கைப் பார்த்து எழுதியவையா, விலங்கைப் பற்றி ஊரில் சொல்லப்பட்ட கதையைக் கேட்டு எழுதியவையா என்று உங்களுக்கே புரிந்திருக்கும். கரடியைச் சோம்பேறி என்றவர் கரடியிடம் துரத்தப்பட்டவராக இருக்க முடியாது!

இன்னொரு சுவையான செய்தி. ஜான் ஹாட்ஜ்கின் என்ற ஆய்வாளர் 1909ஆம் ஆண்டில் இப்பட்டியலை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். இப்பெயர்களில் பல, கூட்டத்தின் பெயர்களே அல்ல என்று அவர் வாதிட்டார். அந்தந்த விலங்கின் ஒலி, இயல்பு, செயல் ஆகியவற்றைக் குறிக்கும் உரிய சொற்களைப் பிற்காலத்தவர் கூட்டப் பெயர்கள் என்று எடுத்துக்கொண்டார்களாம். இதை நம் வகுப்பறையிலிருந்தே விளக்கலாம். காகம் கரையும், குயில் கூவும், ஆந்தை அலறும் என்று மரபுச் சொற்கள் படித்திருக்கிறீர்கள் அல்லவா? அந்தப் பக்கத்தை யாரோ ஒருவர் அவசரமாகப் பார்த்து, 'ஒரு கரைதல் காக்கைகள்', 'ஓர் அலறல் ஆந்தைகள்' என்று எழுதி வைத்துவிட்டால் எப்படி இருக்கும்? ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதற்கும் வினாடி வினாவில் மதிப்பெண் கொடுப்பார்கள்.

ஆந்தைகளின் பாராளுமன்றமோ அந்தப் பழைய பட்டியலில் கிடையவே கிடையாது. இங்கிலாந்துக் கவிஞர் சாசர் 14ஆம் நூற்றாண்டில் பறவைகள் கூடும் சபையைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். அதன் தலைப்பைச் சற்று மாற்றி, சி. எஸ். லூயிஸ் 1953ஆம் ஆண்டில் வெளியான தம் சிறுவர் கதை ஒன்றில் ஓர் அத்தியாயத்துக்கு 'ஆந்தைகளின் பாராளுமன்றம்' என்று பெயரிட்டார். சொல் பரவியது. கதைக்கு அது பொருத்தமே. ஆனால் உண்மையில் பெரும்பாலான ஆந்தைகள் தனியாகவோ இணையாகவோ வாழ்பவை. நம் ஊர்ப் புளியமரத்துப் பொந்தில் இருக்கும் புள்ளி ஆந்தையைப் பாருங்கள். இரண்டு இருக்கும், குஞ்சு பொரித்திருந்தால் நான்கைந்து இருக்கும். இதற்கு எதற்குப் பாராளுமன்றம்? காண்டாமிருகக் கூட்டம், புலிக் கூட்டம் ஆகியவற்றுக்கும் அழகழகான ஆங்கிலப் பெயர்கள் பிற்காலத்தில் புனையப்பட்டிருக்கின்றன. புலி தனித்து வேட்டையாடும் விலங்கு. அதன் கூட்டத்துக்குப் பெயர் கேட்பது, ஒரே ஓர் ஆள் நிற்கும் வரிசைக்குப் பெயர் கேட்பது போல.

இனிக் காக்கைக்கு வருவோம். கொலை என்ற பெயர் எப்படி வந்தது என்பதற்குப் பல கதைகள் சொல்கிறார்கள். காக்கைகள் நீதிமன்றம் கூட்டிக் குற்றவாளிக் காக்கையைத் தண்டிக்கின்றன என்பது அவற்றில் ஒன்று. கதை கிடக்கட்டும். ஒரு காக்கை இறந்துவிட்டால் மற்றக் காக்கைகள் திரண்டு வந்து கரைவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மின்கம்பியில் அடிபட்டு ஒன்று விழுந்தால் போதும், தெருவே அதிரும். இது துக்கமா, கோபமா, வேறு ஏதாவதா?

அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெய்லி ஸ்விஃப்ட், ஜான் மார்ஸ்லஃப் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். காக்கைகள் வழக்கமாக இரை எடுக்கும் இடத்துக்கு, முகமூடி அணிந்த ஒருவர் இறந்த காக்கையைக் கையில் ஏந்தி வருவார். காக்கைகள் கூடிக் கத்தும். பிறகு அந்த இடத்துக்கு வரத் தயங்கும். அதைவிட வியப்பு, அதே முகமூடியுடன் அந்த ஆள் பின்னொரு நாள் வெறுங்கையுடன் வந்தாலும் காக்கைகள் அடையாளம் கண்டு கத்தின. ஆறு வாரங்கள் வரை இந்த நினைவு நீடித்ததாம். 2015ஆம் ஆண்டில் வெளியான இந்த ஆய்வு என்ன சொல்கிறது? இறந்த தோழனைச் சுற்றிக் கூடும் காக்கைகள், 'இங்கே ஆபத்து உண்டு, இந்த ஆளிடம் எச்சரிக்கை' என்று கற்றுக்கொள்கின்றன. ஏறத்தாழ ஒரு விசாரணைக் குழு! கொலை என்று பெயரிட்டு மனப்பாடம் செய்தவருக்கு இந்தக் கேள்வி தோன்றியிருக்காது. கூட்டத்தைப் பார்த்து ஏன் என்று கேட்டவருக்குத் தோன்றியது.

அதற்காக ஆங்கிலக் கூட்டப் பெயர்கள் எல்லாமே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. சிலவற்றுக்குள் கூர்மையான கண் இருக்கிறது. தரையில் மேயும் வாத்துக் கூட்டத்துக்கு ஒரு பெயர், அதே வாத்துகள் வானில் வரிசை கட்டிப் பறக்கும்போது வேறு பெயர். ஒரே பறவைகள்தாம், ஆனால் அவை செய்யும் வேலை வேறு, கூட்டத்தின் வடிவமும் வேறு. கவுதாரிக் கூட்டத்துக்குக் 'கவ்வி' என்பார்கள். அது அடைகாத்தல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஒரே அடையில் பொரித்த குஞ்சுகளும் பெற்றோரும் சேர்ந்து திரிவதுதான் அந்தக் கூட்டம். சொல்லிலேயே உயிரியல் இருக்கிறது.

மீன் கூட்டத்துக்கு 'ஸ்கூல்' என்று பெயர். மீன்களுக்கும் பள்ளிக்கூடம் உண்டா என்று சிரிக்க வேண்டாம். கூட்டம் என்று பொருள்படும் டச்சு மொழிச் சொல் அது. நாம் போகும் பள்ளியைக் குறிக்கும் சொல்லோ கிரேக்க மொழியிலிருந்து வந்தது. இரண்டும் எழுத்தில் ஒன்றாகிவிட்டன, அவ்வளவே. இந்தச் சொல்லை உயிரியலார் எப்படிப் பயன்படுத்திக் கொண்டார்கள் என்று பாருங்கள். மீன்கள் ஒன்றையொன்று நாடி ஓரிடத்தில் கூடியிருந்தால் அது 'ஷோல்'. கூடிய மீன்கள் ஒரே திசையில், ஒரே வேகத்தில், ஒன்றாகத் திரும்பி நீந்தினால் அப்போதுதான் அது 'ஸ்கூல்'. திருவிழாக் கூட்டத்துக்கும் அணிவகுப்புக்கும் உள்ள வேறுபாடு. பட்டப் பெயராக இல்லாமல் அளந்தறியும் சொல்லாக மாறிவிட்டது.

மைனாவின் உறவினமான ஸ்டார்லிங் பறவைகளின் கூட்டத்துக்கு 'மர்மரேஷன்', முணுமுணுப்பு, என்று பெயர். இது அந்த 1486 பட்டியலிலேயே இருக்கிறது. ஆயிரக்கணக்கான சிறகுகள் எழுப்பும் ஒலியையோ, அடையும் நேரத்துச் சளசளப்பையோ கேட்டவர் வைத்த பெயராக இருக்க வேண்டும். ரோம் நகரில் குளிர்கால மாலைகளில் இவை புகை மூட்டம் போல் வானில் சுழலும். இத்தாலிய இயற்பியலார் சிலர் அங்குள்ள ஓர் அருங்காட்சியகத்தின் கூரையில் பல காமிராக்களைப் பொருத்தி, ஒரே கணத்தில் படம் எடுத்து, ஒவ்வொரு பறவையும் வெளியில் எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டார்கள். 2008ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. கூட்டத்துக்குத் தலைவன் என்று யாரும் இல்லை. ஒவ்வொரு பறவையும் தனக்கு அருகில் இருக்கும் ஆறு அல்லது ஏழு பறவைகளைக் கவனித்துத் தன் போக்கை மாற்றிக்கொள்கிறது. கூட்டம் நெருங்கியிருந்தாலும் விரிந்திருந்தாலும் அந்த எண்ணிக்கை மாறுவதில்லை. இக்குழுவில் இருந்த ஜார்ஜியோ பாரிசி 2021ஆம் ஆண்டில் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பரிசு அவருடைய வேறு கோட்பாட்டு ஆய்வுகளுக்காக. ஆயினும் பறவைக் கூட்டத்தைப் பார்ப்பதும் இயற்பியலே என்பதற்கு அவர் ஒரு சான்று.

தமிழில் இப்படிப்பட்ட கூட்டப் பெயர்கள் குறைவு என்று சிலர் குறைப்படுவதுண்டு. ஆங்கிலப் பட்டியலை அப்படியே மொழிபெயர்த்துத் தமிழை வளப்படுத்தலாம் என்றும் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரு மொழி தன் மக்களுக்கு எங்கே வேறுபாடு தேவைப்பட்டதோ அங்கேதான் சொற்களைப் பிரித்து வைத்திருக்கும். தொல்காப்பியத்தின் மரபியல் விலங்கு, பறவைகளின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியவற்றைத்தான் விரிவாகத் தொகுக்கிறது. குட்டி, கன்று, குருளை, பறழ், மறி என்று இளமைக்கு மட்டும் அத்தனை பெயர்கள். கூட்டத்துக்கு அவ்வளவு இல்லை. ஆனால் உழவும் மேய்ச்சலும் எங்கே நடந்தனவோ அங்கே போய்ப் பாருங்கள்.

ஆடுகள் நடக்கும்போது மந்தை. அறுவடை முடிந்த வயலில் இரவில் அவற்றை மடக்கிப் படுக்க வைத்தால் அது கிடை. கிடத்தல் என்ற வினையிலிருந்து வந்த சொல். ஏன் இதற்குத் தனிப் பெயர்? அந்த இரவில்தான் வயலுக்கு எரு சேர்கிறது. ஆட்டின் சிறுநீரிலுள்ள யூரியா விரைவில் பயிருக்கு உதவும் தழைச்சத்தாக மாறுகிறது. ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்று உழவர்கள் சொல்வது அனுபவத்தில் கண்ட வேதியியல். கிடை போடுபவருக்கு நில உரிமையாளர் கூலியும் கொடுப்பார். எனவே கிடை என்பது வெறும் ஆடுகளின் எண்ணிக்கை அன்று. உழவரும் மேய்ப்பவரும் செய்துகொள்ளும் ஓர் ஏற்பாடு.

வாழையை எடுத்துக்கொள்ளுங்கள். பழம், சீப்பு, தார் என்று மூன்று படிகள். தெற்கே தாரைக் குலை என்பார்கள். வாழைப்பூவின் ஒவ்வொரு மடலுக்குள்ளும் வரிசையாகப் பூக்கள் இருப்பதை வீட்டில் பூ ஆயும்போது பார்த்திருப்பீர்கள். முதலில் விரியும் மடல்களுக்குள் இருப்பவை பெண் பூக்கள். ஒரு மடலின் பூக்கள் காய்த்தால் அதுவே ஒரு சீப்பு. ஆகவே சீப்பு என்பது வியாபாரி தன் வசதிக்கு அறுத்த துண்டு அன்று. செடியே பிரித்து வைத்த அலகு. நுனியில் எஞ்சும் ஆண் பூக்கள்தாம் நம் வீட்டுப் பொரியலுக்கு வருகின்றன. தலைவாரும் சீப்பைப் போல் இருப்பதைப் பார்த்துப் பெயர் வைத்தவர், தாவரவியல் படிக்காமலே சரியான இடத்தில் வெட்டியிருக்கிறார்!

எறும்புக்குச் சாரை. எறும்புகள் ஏன் வரிசையில் போகின்றன? முன்னே போனது விட்டுச் சென்ற வேதிப்பொருளின் மணத்தைப் பின்னே வருவது பின்பற்றுகிறது. குறுக்கே விரலால் துடைத்துப் பாருங்கள். சாரை அந்த இடத்தில் குழம்பி நிற்கும். தென்னந்தோப்பு, சோளக்கொல்லை, நெல்வயல் என்று பயிர்க் கூட்டத்துக்கு வைத்த பெயர்களிலும் இப்படி ஒரு குறிப்பு உண்டு. வயல் என்றால் நீர் தேங்கும் நன்செய், கொல்லை என்றால் பெரும்பாலும் மழையை நம்பும் புன்செய். பெயரைக் கேட்டாலே நீர் நிலவரம் தெரிந்துவிடும்.

பெயர் அச்சத்தைக் கிளப்புவதும் உண்டு. பாலைவன வெட்டுக்கிளிகள் 2020ஆம் ஆண்டில் ராஜஸ்தான் முதலிய மாநிலங்களைத் தாக்கின. 'வெட்டுக்கிளிப் படையெடுப்பு' என்று செய்தித்தாள்கள் எழுதின. அந்தச் சமயத்தில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருக்கஞ்செடிகளில் மொய்த்த பூச்சிகளைக் கண்டு மக்கள் பயந்துபோனார்கள். அதிகாரிகள் ஆராய்ந்து, இவை உள்ளூர் வெட்டுக்கிளிகளே, பாலைவன இனம் அல்ல என்றார்கள். கூட்டமாக இருப்பதெல்லாம் படை அல்ல. ஆனால் பாலைவன வெட்டுக்கிளியின் கதை உண்மையிலேயே விந்தையானது. தனியாக வாழும்போது அது சாதுவான பூச்சி; ஒன்றையொன்று தவிர்க்கும். நெருக்கத்தில் சிக்கி, பின்னங்கால்கள் அடிக்கடி உராய்ந்தால் சில மணி நேரத்தில் அதன் நடத்தை மாறிவிடுகிறது. பிறகு நிறமும் மாறும். தனி வெட்டுக்கிளியும் கூட்ட வெட்டுக்கிளியும் வெவ்வேறு இனங்கள் என்றே ஒரு காலத்தில் நினைத்தார்கள். இரண்டும் ஒன்றே என்று போரிஸ் ஊவரோவ் 1921ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். இந்த மாற்றத்தைத் தூண்டுவது நரம்பு மண்டலத்திலுள்ள செரட்டோனின் என்ற பொருள் என்று 2009ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது.

பூச்சிக்கு இது உண்மை. ஆனால் மனிதர்களைக் குறிக்கும்போது ஒரே சொல்லால் ஒரு கூட்டத்தின் குணத்தைத் தீர்மானிப்பது ஆபத்தானது. அந்த 1486 பட்டியலில் மனிதர்களும் இருக்கிறார்கள் என்பதை வினாடி வினா நடத்துபவர்கள் சொல்வதில்லை. செருப்புத் தைப்பவர்களுக்குக் குடிவெறி. கன்னியாஸ்திரீகளுக்கு வேண்டாத மிகுதி. பெண்களுக்கோ வாத்துகளுக்கு வைத்த அதே 'காக்கிள்', கொக்கரிப்பு. வேட்டைக்குப் போன பிரபுக்கள் விருந்தில் அமர்ந்து யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதற்கு இது ஆவணம்.

சிரிப்போடு நின்றால் போகட்டும் எனலாம். நம் நாட்டில் ஆங்கில அரசு 1871ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. சில சமூகங்களை முழுமையாகவே 'குற்றப் பரம்பரை' என்று அறிவிக்க அது வழி செய்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒருவன் திருடினானா என்ற கேள்வியே வேண்டாம். அந்தக் கூட்டத்தில் பிறந்தால் போதும், கைரேகை வைக்க வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் தன்னைக் காட்ட வேண்டும். கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் உயிரிழந்தனர். 1952ஆம் ஆண்டில்தான் அந்தச் சட்டம் நாடு முழுவதும் இல்லாமல் போனது. கரடியைச் சோம்பல் என்றால் கரடிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மனிதரை அப்படிச் சொன்னால் எவ்வளவு நஷ்டம் என்பதற்கு இந்த ஆண்டுகளே கணக்கு.

இன்றைய செய்தித்தாளை எடுத்துக்கொண்டு ஒரு சிறு பயிற்சி செய்து பாருங்கள். ஒரே மாதிரி சாலையில் நின்ற மக்களை ஒரு செய்தி 'கும்பல்' என்கிறது, இன்னொன்று 'மக்கள் திரள்' என்கிறது. எத்தனை பேர், என்ன செய்தார்கள் என்பதைச் செய்தியிலிருந்து தனியே எடுத்து எழுதுங்கள். பிறகு சொல்லை ஒப்பிடுங்கள்.

வினாடி வினா நடத்தும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆந்தைக் கேள்வியை விட்டுவிட்டு, மாலையில் உங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள மரத்தில் வந்தடையும் காக்கைகளையோ மைனாக்களையோ பற்றிக் கேளுங்கள். முதல் பறவை எத்தனை மணிக்கு வருகிறது, எந்தத் திசையிலிருந்து வருகிறது, நேரே மரத்துக்கு வருகிறதா, வேறெங்கோ கூடிவிட்டு வருகிறதா? ஒரு வாரம் குறித்து வைத்த மாணவருக்குப் பரிசைக் கொடுங்கள். அந்த மாலைக் கூட்டத்துக்கு உங்கள் ஊரில் தனிப் பெயர் வழங்குகிறதா என்று மேய்ப்பவர்களிடமும் மீனவர்களிடமும் பூக்கடைக்காரர்களிடமும் கேட்டு, அவர்கள் தொழிலில் வழங்கும் மற்றச் சொற்களோடு சேர்த்து எழுதி அனுப்புங்கள்.